மண்ணையும் கேட்போம், இலையையும் கேட்போம்



அல்லிநகரத்திலிருந்து கம்பம் நோக்கிச் செல்வோர், சின்னமனூரைக் கடந்ததும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களைக் காண்பர். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் இக்கொடியைக் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. 2023-இல் இப்பழம் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆயினும், அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒன்று கொத்துக் கொத்தாய்க் காய்க்க, மற்றொன்று தழைத்தும் காய்க்காமல் நிற்பதேன்? "இன்னும் இரண்டு மூட்டை உரம் போடு" என்பதே பலரும் கூறும் மருந்து. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது முறையாகுமோ?

பயிரின் விளைச்சலை நிர்ணயிப்பது மிகுதியாயுள்ள சத்தன்று, குறைவாயுள்ள சத்தே. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் இவ்விதியைப் பரப்பினார். துத்தநாகம் குறைந்த கொடியில் இலை சிறுத்து, ஒரே கொத்தில் பெரிதும் சிறிதுமாய்க் காய்கள் நிற்கும். போரான் குறைந்தால் பூக்கள் காயாகாமல் உதிரும். அங்கே தழைச்சத்தைக் கொட்டினால் என்ன பயன்? இலைகள் அடர்ந்து நிழல் கட்டும். காய்க்கும் மொட்டுகள் குறையும். பூசண நோய்க்கும் வழி பிறக்கும். சாம்பல்சத்து அளவுக்கு மிஞ்சினாலோ, மக்னீசியம் வேரில் ஏறாது.

மண் ஆய்வு மட்டும் போதுமா எனில், போதாது. குதிரில் நெல் இருப்பது வேறு. பிள்ளையின் வயிறு நிறைவது வேறு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்கு எட்டாமல் முடங்கிக் கிடக்கும். மண் இருப்பைச் சொல்லும். இலை உண்டதைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

மாதிரி எடுப்பதில் கருத்து வேண்டும். வரப்போரத்தையும் எருக்குவியல் இருந்த இடத்தையும் தவிர்த்து, 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் மண்ணைத் தனித்தனியே எடுத்தல் நலம். திராட்சையில், பூக்கும் பருவத்தில் கொத்துக்கு எதிரேயுள்ள இலையின் காம்பைக் கிள்ளி, இலைப்பரப்பை உடனே நீக்கிவிட வேண்டும். தோட்டம் முழுவதும் பரவலாய் நூறு காம்புகளேனும் சேர்த்து, காகிதப் பையிலிட்டு அனுப்புதல் வேண்டும். மருந்து தெளித்த இலைகள் பொய்ச் சாட்சி சொல்லும்; அவற்றை விலக்குக.

ஆலோசனைக்கு நாம் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை ஆய்ந்து கூறுகிறது. எனினும் அட்டை மண்ணை மட்டுமே கூறும்; இலையை நாம்தான் கொண்டு செல்ல வேண்டும்.

குறை தெரிந்தபின் அளவோடு இடுக. சிறிதே வேண்டிய போரான் சிறிது மிஞ்சினும் நஞ்சாகும். தொழு உரத்தை மறவாதிருப்போம். மண்ணின் உயிரை அதுவே காக்கிறது.

தோட்டத்தில் இடும் ஒவ்வொரு மூட்டையும் பிள்ளையின் படிப்புச் செலவிலிருந்தோ, அடகு வைத்த நகையிலிருந்தோ வருவதாகும். அதனை இருட்டில் எறியலாமா? அடுத்த கவாத்துக்குமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து உரக்கணக்கை எழுதிப் பார்ப்பீர்களாக. மூட்டை வாங்குமுன் மண்ணையும் இலையையும் கேட்டுவிடுங்கள்.