அந்தமான் குறித்து எதைப் படிப்பது?

அந்தமான் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது செல்லுலார் சிறை. 'சிறைச்சாலை' திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதைத் தாண்டி அங்கே வேறெதுவும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. அந்தச் சிறையும் இப்போது ஒரே மனிதரின் சிறையாகச் சுருக்கப்படுகிறது. போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு 2002இல் சாவர்க்கரின் பெயர் சூட்டப்பட்டது. 2024இல் நகரத்தின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. பெயர்ப்பலகைகள் ஆட்சியாளர் கையில் இருக்கின்றன. நூல்களையாவது நாம் தேடிப் படிக்கலாம். இத்தீவுகளைப் பற்றி நான் படித்த சில நூல்கள் குறித்த என் கருத்துகளைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

சாவர்க்கர் மராத்தியில் எழுதி 1927இல் வெளிவந்த சிறை நினைவுகளைத் தொடவே நம்மவர்கள் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த கதையை நாம் அறிவோம். அந்தமானில் அந்தக் கொடுமைக்கு அளவும் நிர்ணயித்திருந்தார்கள்: நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய். மாடு சுற்ற வேண்டிய இடத்தில் மனிதன் சுற்றியதை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் வலுவானவை. ஆனால் அதே நூலில் முஸ்லிம் வார்டர்கள் மீதான வெறுப்பு, ஒரு கொடுங்கோலாட்சியின் ஏவலாட்கள் மீதான வெறுப்பாக நிற்காமல், ஒரு மதத்தின் மீதான வெறுப்பாகவே முற்றுகிறது. பிற்கால அரசியலின் விதையை அங்கேயே காணலாம். இந்நூலோடு ஆர்.சி. மஜூம்தாரின் 'பீனல் செட்டில்மென்ட் இன் அந்தமான்ஸ்' (1975) நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மஜூம்தார் இடதுசாரி அல்லர். அவர் நூலில்தான் 1913 நவம்பரில் சாவர்க்கர் அளித்த மனு அச்சாகியிருக்கிறது. விடுவித்தால் அரசு விரும்பும் எந்த வகையிலும் பணியாற்றத் தயார் என்கிறது அம்மனு.

பகத் சிங்கின் தோழரும் லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டவருமான பிஜோய் குமார் சின்ஹா எழுதிய 'இன் அந்தமான்ஸ், தி இந்தியன் பாஸ்டில்' (1939) முற்றிலும் வேறொரு நூல். இலக்கிய நயம் தேடுவோருக்கு ஏமாற்றமே. பல இடங்களில் அறிக்கைபோல் வறண்டிருக்கிறது. எனினும் அந்தமான் நூல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கியபோது கேட்டவை என்ன? உண்ணத்தக்க உணவு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகங்கள், செய்தித்தாள்கள். இவற்றுக்காக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர். வலுக்கட்டாயமாகக் குழாய்வழி ஊற்றிய பால் நுரையீரலில் இறங்கியதால் மாண்டார் மகாவீர் சிங். 46 நாள் போராட்டத்துக்குப் பின் விளக்கும் புத்தகங்களும் வந்தன. தனித்தனிக் குழுக்களின் துப்பாக்கிகளை நம்பி வந்த இளைஞர்கள் அந்த வெளிச்சத்தில் மார்க்சைப் படித்தார்கள். 1935இல் அதே சிறைக்குள் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு உருவாயிற்று. நம் இயக்கத்தின் முன்னோடிகள் பலர் அங்கிருந்துதான் வந்தார்கள். கட்சி வகுப்புக்கு வர நேரமில்லை, புத்தகம் படிக்க ஓய்வில்லை என்று சொல்லும் தோழர்களிடம் இந்நூலைக் கொடுக்கலாம்.

சிறை நூல்கள் எவ்வளவு சிறந்தவையாயினும் மதிலுக்குள்ளிருந்து எழுதப்பட்டவை. அத்தீவுகளின் சொந்த மக்களை அறிய வேறு நூல்கள் வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் விரும்பிப் படிக்கும் 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) கதையில் அந்தமான் பழங்குடி ஒருவன் வருகிறான். நச்சு ஊசி ஊதும் குள்ள அரக்கனாக. நரமாமிசம் உண்போர் என்றும் அம்மக்கள் மீது பழி சுமத்தப்படுகிறது. சுவையான கதை, அப்பட்டமான பொய். கதை வெளிவந்த காலத்தில் பேரந்தமானியர் பிரிட்டிஷாரோடு வந்த நோய்களால் அழிந்துகொண்டிருந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19 பேர்.

இந்தப் பொய்க்கு எதிரே அன்விதா அப்பி தொகுத்த பேரந்தமானிய மொழி அகராதியை (2012) வைக்கிறேன். அகராதியைப் படிப்பதா என்று கேட்கலாம். உடலையே அடிப்படையாகக் கொண்ட இலக்கணம் அது. இரத்தம் உடலின் எப்பகுதியிலிருந்து வருகிறது என்பதற்கேற்பச் சொல்லின் முன்னொட்டு மாறும். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். நாடு குடியரசு தினம் கொண்டாடிய நாள்.

பங்கஜ் சேக்சரியாவின் 'ஐலண்ட்ஸ் இன் ஃப்ளக்ஸ்' (2017) இதழியல் கட்டுரைகள். ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவும் நெடுஞ்சாலையை மூட 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் வண்டிகள் ஓடுவதைச் சொல்கிறார். குடியேறிய உழைப்பாளிகளைப் பற்றி அவர் இன்னும் சற்று நின்று பேசியிருக்கலாம் என்பது என் குறை. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். தாமே விரும்பி யாரும் அங்கு போகவில்லை.

அவர் தொகுத்த 'தி கிரேட் நிக்கோபார் பெட்ரேயல்' (2024) இப்போது அவசரமாகப் படிக்க வேண்டியது. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட திட்டம். பலியாவது ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு. ஷோம்பென்கள் வாழும் தீவை வெற்று நிலம்போல் பேசுகிறது ஒன்றிய அரசு. தாம் அளித்த தடையின்மைக் கடிதத்தை நிக்கோபாரியரின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரிலேயே திரும்பப் பெற்றுவிட்டது. சுனாமிக்கு முன் வாழ்ந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. கட்டுரைத் தொகுப்பு என்பதால் கூறியது கூறல் உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். கிளைக் கூட்டத்தில் ஒரு மாலையை இந்நூலுக்கு ஒதுக்குங்கள், தோழர்களே.