பழசானது வண்டியா, புஷ்ஷா?



ஒரு பழைய பெட்ரோல் அம்பாஸடர் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் குலுங்குகிறது. மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது. வேகம் எடுத்தால் மிஸ்ஸிங். உடனே நாம் என்ன சொல்கிறோம்? "பாயிண்ட் போச்சு சார், மாத்திடலாம்." மாற்றுகிறோம். கொஞ்ச நாள் ஓடுகிறது. திரும்பவும் அதே மிஸ்ஸிங். அடுத்து கண்டன்சர், அப்புறம் காயில், அப்புறம் பிளக் ஒயர். எல்லாம் மாற்றி முடித்த பிறகு, "வண்டி பழசாயிடுச்சு சார், வித்துடுங்க" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பழசானது வண்டியா, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் விரல் நீளப் புஷ்ஷா? அதைப் பார்க்காமலேயே பாகம் பாகமாக மாற்றுவதற்கு ரிப்பேர் என்று பெயர் வைக்கலாமா? வியாபாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்!

டிஸ்ட்ரிபியூட்டரின் வேலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அம்பாஸடரின் 1489 சி.சி. இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் 1500 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு பொறி. ஆக நிமிடத்துக்கு 6000 பொறி, அதாவது வினாடிக்கு 100! 1-3-4-2 என்ற வரிசை தப்பாமல், ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் விழ வேண்டும். இதையெல்லாம் செய்வது நாலு முனை உள்ள ஒரு கேமும், அதில் உரசித் திறந்து மூடும் ஒரு ஜோடி பாயிண்ட்டும்தான்.

அந்தப் பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். கேம் 90 டிகிரி திரும்புவதற்குள் சுமார் 60 டிகிரி அது மூடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் காயில் சக்தியைச் சேர்த்துக் கொள்கிறது. இப்போது புஷ் தேய்ந்து, ஷாஃப்ட் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் ஆடுகிறது என்றால் என்ன ஆகும்? இடைவெளியில் ஏறக்குறைய கால் பங்கு கூடும், அல்லது குறையும். கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து பொறி முந்திவிடும். காயிலுக்கும் நேரம் போதாது. குறைந்தால் பொறி பிந்தும், பாயிண்ட்டும் கருகும். போதாததற்கு, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி தவறினால் கிராங்க் ஷாஃப்ட்டில் அது இரண்டு டிகிரி. ஒரு சிலிண்டருக்கு முந்தி, இன்னொன்றுக்குப் பிந்தி என்று பொறி விழுந்தால் இன்ஜின் குலுங்காமல் என்ன செய்யும்? புதுப் பாயிண்ட்டை மாட்டினாலும் அதே ஆட்டத்தில்தானே அதுவும் ஆடப்போகிறது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேப்பைக் கழற்றி, ஷாஃப்ட்டின் மேல் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கைக்கே தெரியும். ஃபீலர் கேஜை எடுத்து, ஒரு முனையோடு நிறுத்தாமல் நாலு முனையிலும் இடைவெளியை அளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும்; நகராவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது தட்டு இறுகியிருக்கலாம். வண்டி ஓடும்போது டைமிங் லைட் பிடித்தால் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். மொத்தமே கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கஸ்டமர் தலையில் மூவாயிரம் ரூபாயைக் கட்டுகிறோம். தினக்கூலி வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு, "மாத்திடலாம்" என்ற சொல்லின் விலை நன்றாகவே தெரியும்.

சரி, புஷ் மாற்றுவது அவ்வளவு கஷ்டமா? கவனம் வேண்டும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் டிரைவிங் டாக்கின் பின்னைத் தட்டி எடுப்பதற்கு முன்பே, அது ரோட்டார் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் என்று குறி போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் பொறி வேறு சிலிண்டருக்குப் போய்விடும். கம்பெனிப் புஷ் என்பது நுண்துளைகள் உள்ள சிண்டர்டு வெண்கலம். அதை மாட்டுவதற்கு முன் இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். அவசரம் என்றால் 100 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் வைத்து, அதே ஆயிலிலேயே ஆற விடலாம். அந்தப் புஷ்ஷில் ரீமர் விடவே கூடாது; துளைகள் அடைபட்டு ஆயில் கசியாமல் போகும். புஷ் கிடைக்காவிட்டால் லேத்தில் கன்மெட்டலில் கடைந்து, ரீமர் போட்டு, ஆயில் போக வழி வெட்டி மாட்டலாம். ஆனால் ஷாஃப்ட்டே தேய்ந்திருந்தால் புதுப் புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. அதையும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தேய்மானம் எதனால் வருகிறது? பெரும்பாலும் பட்டினியால்! ரோட்டாரைத் தூக்கி, அடியில் இரண்டு சொட்டு ஆயில் விட வேண்டும் என்று பழைய சர்வீஸ் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. விடுகிறவர் எத்தனை பேர்?

"எலக்ட்ரானிக் கிட் போட்டுட்டா பாயிண்ட் தொல்லையே இல்லையே?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிட் நல்ல பொருள். கருகுவதற்குப் பாயிண்ட் இல்லை, இடைவெளி வைக்கும் வேலையும் இல்லை. ஆனால் அதன் சென்சாரும் அதே ஷாஃப்ட்டை நம்பித்தானே இருக்கிறது? ஆட்டம் இருந்தால் டைமிங் தவறுவது குறையலாமே தவிர, அடியோடு போகாது. முதலில் புஷ்ஷைச் சரி செய்துவிட்டு, அப்புறம் கிட் போடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்?

இன்னும் சிலர், "அம்பாஸடர் தயாரிப்பே 2014-இல் நின்று போச்சு. எல்லாம் ஈ.சி.யு. காலம். இனி இது எதுக்குடா?" என்கிறார்கள். அவர்களுக்கும் பதில் இருக்கிறது. இன்றைய வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் பி0303 என்று கோடு வரும். மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அதற்கு அர்த்தம். ஏன் மிஸ்ஸிங் என்று அது சொல்லாது. அங்கேயும் நாம் என்ன செய்கிறோம்? பிளக்கை மாற்று, காயிலை மாற்று, இன்ஜெக்டரை மாற்று! வண்டிதான் புதுசு, நம் பழக்கம் பழசு. நோய் எது, அதன் காரணம் எது என்று தேடிய பிறகே வைத்தியம் செய் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னார். மெக்கானிக்குக்கு மட்டும் அது பொருந்தாதா? அந்தக் காரணம் தேடும் பாடத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள டிஸ்ட்ரிபியூட்டரைவிட மலிவான வாத்தியார் கிடைக்க மாட்டார். காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடக்கிறார்!

ஆகவே நம் துறைக்கும் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பேட்சுக்கு நாலு தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தாருங்கள். "பாகங்களைப் படம் வரைந்து குறி" என்பதோடு பிராக்டிகல் முடிந்துவிட வேண்டாம். நாலு முனை இடைவெளியையும் அளந்து, எது கெட்டது, ஏன் கெட்டது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அளக்காமல் "மாத்திடலாம்" என்று எழுதுகிறவனுக்கு மார்க் போடாதீர்கள். லேத் பட்டறையில் முப்பது வருஷம் புஷ் கடைந்த அண்ணன் ஒருவரை ஒரு நாள் அழைத்து வந்து பேச வையுங்கள்.

நண்பர்களே! பாகத்தைக் கழற்றி மாட்ட டிப்ளமோ எதற்கு? ஸ்பானர் போதும். டிப்ளமோ படித்தவன் கை வைத்தால் கெட்டதை மட்டும்தான் மாற்றுவான், நல்லதைத் தொட மாட்டான் என்று ஊர் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை வாங்கித் தருவது நம் சர்டிபிகேட் அல்ல, நம் ஃபீலர் கேஜ்தான்.