நகாமுராவின் நிதானம்

2008-ஆம் ஆண்டில், ஆளுக்கு மூன்றே நிமிஷம் என்னும் நிபந்தனையின்மேல், அக்காலத்துச் சதுரங்க யந்திரங்களுள் தலைசிறந்ததாக விளங்கிய ரிப்காவை எதிர்த்து இணையத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய இருபது வயது அமெரிக்க இளைஞர் ஒருவர், அந்த ஆட்டத்தை 271 நகர்த்தல்கள் வரையில் நீட்டிச் சென்று யந்திரத்தைத் தோற்கடித்தார். மூன்று நிமிஷமாவது 180 விநாடி. ஆகவே நகர்த்தல் ஒன்றுக்கு ஒரு விநாடிகூட அவருக்குக் கிட்டவில்லை. கேட்பவர்கள் அவருடைய கைவேகத்தை எண்ணி வியப்பார்கள். ஆனால் வேகத்தில் யந்திரத்தை மிஞ்ச எந்த மனிதராலும் ஆகாது. அவர் வென்றது வேறொன்றால். சிப்பாய்கள் ஒன்றையொன்று மறித்து நின்று இறுகி, எந்தக் காயும் உட்புக வழியில்லாதபடி பலகையை முதலில் அடைத்துக்கொண்டார். பிறகு தம் காய்களை முன்னும் பின்னுமாக அசைத்தபடியே பொறுத்திருந்தார். ஐம்பது நகர்த்தல்கள் வரையில் ஒரு சிப்பாயும் நகராமல், ஒரு காயும் வெட்டுப்படாமல் இருந்தால் ஆட்டம் டிரா என்பது விதி. காய்களின் மதிப்பில் தானே முன்னிற்பதாகக் கணக்கிட்டிருந்த யந்திரம், அந்த டிராவைத் தவிர்க்கும்பொருட்டு, நகர்த்தக்கூடாத சிப்பாயை நகர்த்திற்று, கோட்டை திறந்தது, இளைஞர் உட்புகுந்தார்.

அந்த இளைஞரே ஹிகாரு நகாமுரா. இன்று இணையச் சதுரங்கம் என்றவுடன் உலகெங்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. ஜப்பானில் ஒசாகாவை அடுத்த ஹிராகாட்டா நகரில் 1987 டிசம்பரில் பிறந்து, இரண்டு வயதிலேயே தாயாரோடு அமெரிக்கா சென்றவர். அவருக்குச் சதுரங்கச் சூழலை அமைத்துத் தந்தவர், தாயார் பின்னர் மணந்துகொண்ட சுனில் வீரமந்திரி என்னும் இலங்கையில் பிறந்த பயிற்சியாளர். 15 வயதும் 79 நாட்களுமான பருவத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று, பாபி ஃபிஷர் அமெரிக்காவில் நாட்டியிருந்த சாதனையை முறியடித்தார். அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றார். 2011-இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸே ஊரில், ஆனந்தும் கார்ல்சனும் கிராம்னிக்கும் கூடியிருந்த சபையில், முதலிடம் பெற்றார். இவற்றையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. கணினித் திரையில் அவரைக் காணும் இளைஞர் பலர், அவரை இணையம் உண்டாக்கிய ஒரு வேடிக்கைக்காரராகவே எண்ணிவிடுகிறார்கள். மரப்பலகையின்முன் மணிக்கணக்கில் அமர்ந்து பழகிய பல்லாண்டு சிரத்தையின் மேலேதான் அந்த வேகம் நிற்கிறது என்பது அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

இரவில் அவருடைய ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் வழக்கமுடைய எனக்கு, அவருடைய தலையாய குணமாகத் தோன்றுவது, எங்கே யோசிக்க வேண்டும், எங்கே யோசிக்கத் தேவையில்லை என்பதைப் பிரித்தறியும் விவேகம். மூன்று நிமிஷ ஆட்டத்தில் மிகச் சிறந்த நகர்த்தலைத் தேடுபவன் கடிகாரத்தால் தோற்பான். எதையும் தேடாதவன் பலகையில் தோற்பான். நகாமுரா இவ்விரண்டு வழியையும் விட்டு, பிழையற்றதும் எதிராளிக்குச் சங்கடம் தருவதுமான ஒரு நகர்த்தல் கண்ணில் பட்ட மாத்திரத்தில், அதைவிடச் சிறிது மேலான ஒன்று இருக்கக்கூடும் என்ற சபலத்துக்கு இடங்கொடாமல், காயை வைத்துவிடுகிறார். அவ்விதம் மிச்சம் பிடித்த விநாடிகளையெல்லாம், ஆட்டத்தின் தலைவிதி நிர்ணயமாகும் ஓரிரு கட்டங்களில் தாராளமாகச் செலவிடுகிறார். இருபது விநாடி அசையாமல் அமர்ந்து அவர் யோசிக்கும் இடம் எதுவென்று கவனித்துப் பார்த்தால், அநேகமாக அந்த ஆட்டத்தின் உயிர்நிலை அதுவாகவே இருக்கும். மூன்று காலங்களிலும் சாதகம் செய்து பழுத்த வித்வான், துரித காலத்தில் கற்பனை ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆலோசித்துப் பாடுவதில்லை, ஆயினும் எடுப்புக்குத் தவறாமல் வந்து சேருகிறார் அல்லவா? விளம்ப காலத்தில் பெற்ற ஞானம் துரிதத்தில் பேசுகிறது.

இரண்டாவதாகச் சொல்லத்தக்கது அவருடைய தற்காப்பு. சாதகமான நிலையில் நன்றாக ஆடுகிறவர்கள் உலகில் பலர் உண்டு. ஒரு சிப்பாயையோ, சில வேளை ஒரு காயையோ இழந்து, வேறொருவராயின் கைகொடுத்து எழுந்துவிடக்கூடிய நிலையில், நகாமுரா பதற்றம் சிறிதுமின்றி, காய்களைப் பரிமாற மறுத்து, ராஜாவைச் சுற்றி ஒரு சிறு அரணை எழுப்பிக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளிக்குப் புதிதாக ஒரு கேள்வியை எழுப்புகிறார். வெல்ல வேண்டிய பொறுப்பு இப்போது எதிராளியுடையது. கடிகாரம் ஓடுவதும் எதிராளிக்கு. பத்து விநாடியில் பத்துக் கேள்விக்கு விடை காண வேண்டியவன் ஒன்றிலாவது தவறுவான். அந்தத் தவறு நேர்ந்தபின் நகாமுரா இரக்கம் காட்டுவதில்லை. இறுதியாட்டத்தில், பலகையில் இரண்டு மூன்று காய்களும் கடிகாரத்தில் ஐந்தாறு விநாடிகளும் எஞ்சியிருக்கும்போது, எதிராளி நகர்த்தும் முன்னரே தம் அடுத்த நகர்த்தலைக் குறித்துவைக்கும் ப்ரீமூவ் என்னும் வசதியை அவர் கையாளுகிற லாகவம், அந்த முறையில் ஆடிப் பார்த்தவர்களுக்கே முற்றும் விளங்கும். எதிராளி எதிர்பாராத ஒன்றைச் செய்துவிட்டால் குறித்துவைத்த நகர்த்தல் தற்கொலையாக முடியும். எனவே எந்தக் கட்டத்தில் காய் வைத்தால் எதிராளி எதைச் செய்தாலும் கெடுதி நேராது என்று அறிந்தவனே அதைத் துணிந்து பிரயோகிக்கலாம். இந்தக் கலையைப் பற்றி, ஒரு நிமிஷ ஆட்டத்தையே பொருளாகக் கொண்டு, 2009-இல் ப்ரூஸ் ஹார்ப்பருடன் சேர்ந்து அவர் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப் என்னும் இணையப் போட்டியில் 2018 முதல் 2022 வரையில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவரே பட்டம் வென்றதற்கு இவ்விரு குணங்களும் காரணம் என்றாலும், மூன்றாவது ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பந்தயங்களில் முதல் தொண்ணூறு நிமிஷம் ஐந்து நிமிஷ ஆட்டங்கள், அடுத்த அறுபது நிமிஷம் மூன்று நிமிஷ ஆட்டங்கள், கடைசி முப்பது நிமிஷம் ஒரு நிமிஷ ஆட்டங்கள் என்று, மூன்று மணி நேரம் ஏறத்தாழ இடைவிடாமல் ஆடியாக வேண்டும். ஜயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கைதவற விட்ட வருத்தம் ஆறுமுன் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். இங்கே தோல்வியை மறக்கும் சக்தியே பெரும் பலம். நகாமுரா தோற்றவுடன் முகம் சுருங்குவதுண்டு. ஆனால் அடுத்த ஆட்டத்தின் முதல் நகர்த்தலை வைக்கும்போது அந்தச் சுருக்கம் இருப்பதில்லை.

தொடக்க ஆட்டத்தில் அவர் கொள்ளும் சுதந்திரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். ராணிப்பக்கத்துக் குதிரையின் முன்னிற்கும் சிப்பாயை முதல் நகர்த்தலிலேயே ஒரு கட்டம் தள்ளி, மந்திரியை ஓரத்திலிருந்து நீண்ட மூலைவிட்டத்தில் பாயவிடும் அபூர்வமான முறையை அவர் விரைவு ஆட்டங்களில் அடிக்கடி கையாளுகிறார். ஏட்டில் படித்ததை ஒப்பித்து இருபது நகர்த்தல்களைக் கடந்துவிட எதிராளியால் முடிவதில்லை. ஆரம்பத்திலேயே இருவரும் சொந்த புத்தியைக் கொண்டு ஆட வேண்டியதாகிறது. இது அவருடைய பழைய ஸ்வபாவம். 2005-இல் கோபன்ஹேகன்–மால்மோ போட்டியில், நம் சென்னையின் கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொணர்ந்து, பாலர் பாடத்தில் கூடாதென்று விலக்கப்பட்ட காரியத்தை ஒரு சர்வதேச சபையில் செய்து காட்டினார். ராணி பிழைத்தது, தொடக்கமும் மோசமாகப் போய்விடவில்லை. ஆனால் நடுவாட்டத்தில் பிழை நேர்ந்து, சசிகிரண் வென்றார்.

இனி அவருடைய குறைகள். போதும் என்று நிறுத்திக்கொள்ளும் அந்த விவேகமே, நிறுத்தக்கூடாத இடத்தில் அவருக்கு எதிராக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம். நீண்ட ஆட்டத்தில், சமநிலையாகத் தோன்றும் ஒரு கட்டத்தில் அரைமணி நேரம் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு அனுகூலத்தைத் தோண்டி எடுத்து, அதை நாற்பது நகர்த்தல்கள் வரையில் கைவிடாமல் வளர்க்கும் ஆற்றலில் மாக்னஸ் கார்ல்சனுக்கு நிகரில்லை. அவரை எதிர்த்து நீண்ட ஆட்டங்களில் 12 முறை தோற்றபின், 2016-இல் பில்பாவோவில்தான் நகாமுரா முதன்முறையாக வென்றார். அதே கார்ல்சனை இணைய விரைவு ஆட்டங்களில் அவர் சமமாக நின்று எதிர்க்கிறார். 2020-இல் நாள்கணக்கில் நீண்ட ஒரு இணைய இறுதிப்போட்டியில், இருவரும் மூன்று நாள் மூன்று நாள் வென்று, ஏழாம் நாளின் கடைசி ஆட்டம் வரையில் முடிவு தெரியாமல் இழுத்து, கார்ல்சன் தப்பிப் பிழைத்தார். ஆட்ட நேரம் குறையக் குறைய இருவருக்குமிடையே உள்ள தூரமும் குறைகிறது. இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறு வேண்டியதில்லை.

விரைவில் சேர்ந்த கீர்த்தியை நீண்ட ஆட்டம் சோதித்த தருணங்களுள் மிகவும் வேதனையானது 2022-இல் மாட்ரிட்டில் நேர்ந்தது. உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தெரிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், ஒரு டிரா கிடைத்திருந்தால் அவருக்கு இரண்டாமிடம். டிங் லிரனிடம் அவர் தோற்றார். பட்டத்தைக் காக்க விருப்பமில்லையென்று கார்ல்சன் பின்னர் ஒதுங்கிக்கொள்ளவே, அந்த இரண்டாமிடத்தின் பலனாக டிங் மேடையேறி, 2023-இல் உலகச் சாம்பியனானார். ஒரு மாலைப்பொழுதின் தோல்வி இத்தனை தூரம் சென்று பாய்ந்ததைச் சதுரங்க சரித்திரத்தில் அதிகம் காண முடியாது. 2024-இல் டொரொன்டோவில் நடந்த அடுத்த கேண்டிடேட்ஸில் விதித் குஜராத்தியிடம் இரண்டு ஆட்டங்களையும் இழந்து, கடைசி நாளில் வெள்ளைக் காய்களோடு நம் குகேஷை வென்றே தீர வேண்டிய நிலையில் அமர்ந்தார். பதினேழு வயதுச் சிறுவன் அசையவில்லை, ஆட்டம் டிராவாயிற்று, அரைப்புள்ளி முன்னின்ற குகேஷ் முதலிடம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு பாகூவில் உலகக் கோப்பையில், நீண்ட ஆட்டங்கள் இரண்டும் சமமாக முடிந்து, விரைவு ஆட்டங்களில் தீர்ப்பு ஏற்பட வேண்டிய கட்டத்தில், நகாமுராவின் சொந்தக் களம் என்று எல்லோரும் நினைத்த அந்த இடத்திலேயே, பிரக்ஞானந்தா அவரை இரண்டு ஆட்டங்களிலும் வென்று வெளியேற்றினார். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு மகிழ்ச்சி ததும்பிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தத் தோல்விகளைக் காட்டி, இணைய ஆட்டம் அவரைக் கெடுத்துவிட்டதென்று கூறுவோரை நான் ஏற்க மாட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட ஆட்டம் எதுவும் ஆடாமல், திரையின் முன் பேசிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்த மனிதர், 2022 பிப்ரவரியில் பெர்லின் கிராண்ட் ப்ரீக்கு நேரே வந்து முதலிடம் பெற்றார். அதன் வழியேதான் மாட்ரிட்டுக்கே தகுதி அடைந்தார். கெட்டுப்போனவர் செய்யும் காரியம் அல்ல இது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ரேக்யவிக் நகரில், பின்வரிசைக் காய்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இடம் மாற்றி வைத்து ஆடும் ஃபிஷர் ராண்டம் உலகப் பட்டத்தையும் நெப்போம்னியாச்சியை வென்று அடைந்தார். ஏட்டுப் படிப்பு உதவாத, ஆட்டக்காரனின் உள்ளுணர்வும் தைரியமும் மாத்திரமே துணையாகும் களம் அது. அவருக்குப் பொருந்திய கிரீடம் அதுவே என்று எனக்குப் படுகிறது. மற்றக் கிரீடம் கிட்டாமல் போனதைக் குறையாகச் சொல்லலாம், இழிவாகச் சொல்லக் கூடாது.

நம் ஊர்களில் கைப்பேசியில் ஒரு நிமிஷ ஆட்டம் ஆடும் பிள்ளைகளைக் கண்டு கவலைப்படும் பெற்றோருக்கும், அதை அறவே தடுக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு வேண்டுகோள். தடுக்க வேண்டாம். சில விநாடிகளில் சுருக்கிக் காட்டும் துண்டுப் படங்களை மாத்திரம் பார்த்து நகாமுராவை அறிந்ததாக அவர்கள் நினைத்துவிடாமல், 2023-இல் கார்ல்சனிடம் 13.5-க்கு 12.5 என்ற கணக்கில் அவர் இழந்த ஸ்பீட் செஸ் இறுதிப்போட்டியை ஒரு விடுமுறை நாளில் முழுவதுமாக உட்கார்த்திக் காட்டுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் எந்த இடத்தில் நின்று யோசித்தார் என்று குறித்துவரச் சொல்லுங்கள்.