விளையாட்டை நிறுத்தாதீங்க, அம்மாக்களே!

எங்கள் கிணத்துக்கடவில் பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால், கோயிலானாலும் பஸ் ஸ்டாண்டானாலும் "மார்க்கு எவ்வளவுங்க?" என்ற ஒரே கேள்விதான். 2025-ல் என் மகளுக்கும் அதே கேள்வி வந்தது. பள்ளி வாலிபால் அணியின் கேப்டன் அவள். வீட்டு ஷோகேஸ் முழுக்கக் கோப்பைகள். மார்க்கோ ஏற்ற இறக்கம். அவளுக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நாலு வருட மார்க், விளையாட்டு, சேவை, எழுதிய கட்டுரை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். நம் ஊர் கணக்கு வேறு. 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல், பிளஸ் 2 மார்க்கை வைத்தே இன்ஜினீயரிங் சேர்க்கை. கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50, ஆக 200. என் மகளுக்கு 68, 40, 45 என்று கட்-ஆஃப் 153. அத்தனை கோப்பைக்கும் அதில் ஒரு மார்க்கு கூட இல்லை.

இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோச்சிங் வைத்து டென்னிஸும் பியானோவும் கற்றுத்தர டவுன்காரர்களால் முடியும். தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகளுக்கு மார்க்குதானே துணை?

விளையாட்டுக்குத் தனி வாசல் ஒன்று இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள், தனித் தரவரிசை. அரசு கலைக் கல்லூரிகளிலும் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே விளையாட்டு, என்.சி.சி. போன்ற சிறப்புப் பிரிவினரைக் கூப்பிடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. கூட 2024-ல் ஒவ்வொரு பி.டெக். பிரிவிலும் விளையாட்டுக்கு இரண்டு கூடுதல் இடம் கொடுத்தது; அதில் ஒன்று பெண்ணுக்கு. 2025-ல் இசை, நடனம் போன்ற கலைகளுக்கும் அதேபோலக் கொடுத்தது. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

இந்த வாசலில் கோப்பையைக் காட்டினால் போதாது. எந்த அளவில் ஆடிய சான்றிதழ் என்றுதான் கேட்கிறார்கள். அங்கேதான் நான் செய்த தவறு தெரிந்தது. மகள் பிளஸ் 1 படித்தபோது மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். "பொதுத்தேர்வு வருது கண்ணு, இந்த வருசம் வேண்டாம்" என்று நான்தான் அனுப்பவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். கடைசியில், மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடியவர்கள் முன்னால் நிற்க, எங்கள் மாவட்டச் சான்றிதழ் எடுபடவில்லை. நான் பயந்த அந்தப் பிளஸ் 1 மார்க்கையோ எந்தக் கல்லூரியும் கேட்கவே இல்லை! மேற்படிப்புக்குப் பிளஸ் 2 மார்க்கு மட்டும் போதும் என்று 2018-லேயே அரசு சொல்லியிருக்கிறது. விசாரிக்காதது என் குற்றம். 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் திறமையை நாமே முடக்கிவிட்டு, பிறகு சான்றிதழ் எங்கே என்று கேட்டால் எப்படி?

அம்மாக்களே, பிளஸ் 2 பாடத்தில் கோட்டை விடக்கூடாது, அதுதான் அடிப்படை. அதற்காக ஆடுகிற பெண்ணை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முறையான சான்றிதழை அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

என் மகள் பொதுக் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் வாலிபால் ஆடுகிறாள். இப்போது வெளியூர்ப் போட்டி என்றால் பையை எடுத்து வைப்பது நான்தான்.

- ஒரு வாசகி, கிணத்துக்கடவு.