நீதிபதிக்கு அரசியல் கூடாதா?

அரசியலில் இருந்தவர் நீதிபதியானால் நீதி கெட்டுவிடும் என்று கனவான்கள் சொல்வதுண்டு. எந்த அரசியல், யாருக்கான அரசியல் என்று நாம் கேட்கிறோம். வி.ஆர். கிருஷ்ணய்யரின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்லும்.

தலைச்சேரியில் வக்கீலாக இருந்து விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடியவர் அவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948ல் சிறையில் அடைக்கப்பட்டார். மலபாரும் நமது தென்னாற்காடும் ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்த 1952ல், கட்சி ஆதரித்த சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1957ல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரள மந்திரிசபையில் சட்டம், சிறை முதலிய இலாகாக்களை வகித்தார். 1959 ஜூலை 31ல் டில்லி சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. பின்னர் 1968ல் கேரள ஹைகோர்ட்டிலும், 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்தார்.

பாரபட்சம் காட்டினாரா? அவரைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்தது இந்திரா காந்தி சர்க்கார். அதே இந்திராவின் தேர்தல் வழக்கு 1975 ஜூன் 24ல் அவர்முன் வந்தது. பிரதமராக நீடிக்கலாம், ஆனால் பார்லிமெண்டில் ஓட்டுப் போடக்கூடாது என்று உத்தரவிட்டார். மறுநாளே அவசரநிலை வந்தது!

ஏழைகளுக்கு அவர் என்ன செய்தார்? மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி முன்வந்தும், வேறு ஜில்லாக்காரர் என்று தள்ளினார். 1978ல் கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுதலை செய்யச் சொன்னார். அதே ஆண்டு கள்ளிக்கோட்டைக் கயிற்றுத் தொழிற்சாலையில் வேலை மறுக்கப்பட்ட 29 தொழிலாளர் வழக்கில், நடுவில் கண்ட்ராக்டர் இருந்தாலும் உண்மையான முதலாளி ஆலை நிர்வாகமே என்று தீர்ப்பளித்தார். நாணயமாக இருந்தும் கடனைக் கட்ட வழியில்லாத ஏழையை அதற்காகச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்றார் 1980ல்.

சிறையின் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய தீர்ப்புகள் இவை. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து நம் வீட்டுக்கு வராது. கூலி கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளி மீது வழக்கு வந்தால், விழுப்புரமோ திண்டிவனமோ, சொத்துள்ள ஜாமீன்தாரைத் தேடி அலையுமுன் சொந்தப் பத்திரத்தில் விடக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? இலவசச் சட்ட உதவி பிச்சையல்ல, உரிமை. "நீ என் ஆளல்ல, கண்ட்ராக்டர் ஆள்" என்று ஆலை நிர்வாகம் கைவிரித்தால், சங்கத்தோடு சேர்ந்து வழக்காடுங்கள்.

2014 டிசம்பர் 4ல் அவர் மறைந்தார். நல்ல நீதிபதி எப்போதாவதுதான் வருவார். சங்கமோ என்றும் நம் கையில் இருக்கிறது. அதைப் பலப்படுத்துவோம்!