ஊருக்குக் கமரா வாங்குவதென்றால் சின்னதாக வாங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். யாரையும் நோகடிக்கும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் ஊர்க்காசு இன்னொரு முறை அலுமாரிக்குள் போய்விடும்.

இப்போது எங்கள் பக்கத்தில் எந்தச் சங்கத்தைப் பார்த்தாலும் ஓர் "ஊடகப் பிரிவு" இருக்கிறது. எந்த ஊடகப் பிரிவைப் பார்த்தாலும் கமரா வாங்க ஒரு வசூல் நடக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்கிற தம்பிமார் காசு அனுப்புகிறார்கள். இங்கே பட்டியல் தயாராகிறது: புல் பிரேம் கமரா, கைநீளத்துக்கு ஒரு சூம் லென்ஸ், முக்காலி, லைட், இதையெல்லாம் போட ஒரு பெரிய பை. கடைக்காரர் சொன்னார், மெகாபிக்சல் கூட. கலியாணப் படம் எடுக்கிற நாநாவும் சொன்னார், இதுதான் புரொபெஷனல். முடிந்தது.

நாம் சொல்வது இதுதான்: எங்கள் ஊருக்கு அது பிழையான கமரா. பாதிக் காசில், பாதிப் பாரத்தில், சட்டென்று தோளில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சின்ன மிரர்லெஸ் ஒன்று போதும். போதும் என்பதையும் தாண்டி, அதுதான் வேண்டும்.

முதலில், வாங்கிய பெரிய கமராக்கள் என்ன எடுத்தன என்று பாருங்கள். உங்கள் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்து கடைசி நூறு படங்களை எண்ணுங்கள். மேடை. பிரதம அதிதி. பொன்னாடை. நாடா வெட்டு. குத்துவிளக்குக்குப் பதிலாக மைக். அதே பத்து முகங்கள். அதற்கடுத்து, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், உலர் உணவுப் பொதி வாங்க வரிசையில் நிற்கிற தாய்மாரின் முகங்கள். ஐந்து கிலோ அரிசிக்கு ஓர் உம்மா ஊருக்கே முகத்தைக் காட்ட வேண்டும் என்றால், அந்தப் படத்தின் தெளிவு கூடக் கூட எங்கள் வெட்கமும் கூட வேண்டும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று படித்த சமூகம், இரண்டு கையையும் குளோசப்பில் போடுகிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் கமரா பைக்குள், பை அலுமாரிக்குள், அலுமாரித் திறப்பு செயலாளரின் வீட்டில். அடுத்த நிகழ்ச்சி வரை ஊரில் எதுவுமே நடக்காதது போல.

எங்களிடம் இல்லாதது மேடைப் படமா? யோசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வெளிக்கிட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து எங்கள் ஆட்கள் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கையில் பிள்ளையும் ஒரு பையும். அல்பத்தைத் தூக்க யாருக்குக் கை இருந்தது? அதனால்தான் இன்றைக்கு எங்கள் வீடுகளில் 1990க்கு முந்திய படம் ஒன்றைக் கேட்டால், அடையாள அட்டைக்கு எடுத்த முகமும், யாரோ உறவினர் கொழும்பில் வைத்திருந்த நிக்காஹ் படமும்தான் வருகிறது. மூத்தவாப்பாவின் கடை எப்படி இருந்தது? கிணற்றடியில் எந்த மரம் நின்றது? பள்ளிவாசலின் பழைய ஹவுழ் எந்தப் பக்கம்? வாயால் சொல்லக் கேட்கிறோம். சொல்பவர்களும் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போகிறார்கள். இது எங்கள் சமூகத்துக்கு மட்டும் நடந்ததும் அல்ல. மடுவிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்த எங்கள் தமிழ் அயலவர்களின் அல்பங்களும் இதே போரில்தான் போயின.

முசலிப் பக்கம் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி மக்கள் திரும்பி வந்தபோது தோட்டம் நின்ற இடத்தில் காடு நின்றது. 2017 மார்ச்சில் மாவில்லு வனத்துக்கான வர்த்தமானி வந்தபோது, "இங்கே நாங்கள் இருந்தோம்" என்று சொல்ல எத்தனை பேரிடம் ஒரு சாதாரணப் படம் இருந்தது? படம் உறுதி ஆகாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் உறுதியும் போய், சாட்சியும் மௌத்தாகி, படமும் இல்லையென்றால் என்ன மிஞ்சும்?

அப்போது இழந்தது போகட்டும். இப்போது கண்முன்னே போவதையாவது எடுக்கிறோமா? அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய டோரிக் மாளிகை, நாம் அல்லிராணிக் கோட்டை என்கிறோமே, அதைக் கடல் துண்டு துண்டாகத் தின்கிறது. தலைமன்னாரின் பழைய இறங்குதுறை துருவாகிக் கரைகிறது. தீவின் தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 திறந்துவைக்கப்பட்டன. அதற்கு முதல் அந்தக் கரை எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவோம்? ட்ரோன் காட்சியும் வங்காலைப் பூநாரையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் நன்றாகவே எடுப்பார்கள். கரைவலை இழுக்கிற சம்மாட்டியின் கையை, கருவாட்டு வாடியை, பனையோலை பின்னுகிற உம்மும்மாவை, மத்ரஸா விட்டு ஓடிவருகிற பிள்ளைகளை யார் எடுப்பது? அவை நிகழ்ச்சி நிரலில் வருவதில்லை. கமரா கூடவே இருந்தால்தான் அகப்படும்.

எனவே கமராவை அளக்க எங்கள் அளவுகோல் ஒன்றே ஒன்று: தினமும் கூட வருமா?

புல் பிரேம் கமராவும் அதற்கேற்ற பெரிய சூமும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ அளவில் வரும். மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், சந்தைக்குப் போய், அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போகிறவர் அதைத் தூக்கமாட்டார். இரண்டு நாள் தூக்குவார், மூன்றாம் நாள் வீட்டில் வைப்பார். சொனி ஏ6000 பற்றரியோடு 344 கிராம். கெனன் ஆர்50 பற்றரி, கார்ட் சேர்த்து 375 கிராம். அதில் 120 கிராம் எடையுள்ள 28 மி.மீ. லென்ஸைப் போட்டாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. பெரிய கமராவைக் கண்டால் ஆட்கள் சட்டைப் பொத்தானைப் போடுகிறார்கள், முகத்தை இறுக்குகிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். சின்னக் கமரா முன்னால் பேச்சு நிற்காது.

"தரம் குறையுமே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஏ4 தாளில் நல்ல தரமாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 2480 x 3508 புள்ளிகள் வேண்டும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. ஏ3க்கு 17 மெகாபிக்சல் அளவு. மேலே சொன்ன இரண்டு கமராவும் 24 மெகாபிக்சல். பள்ளிவாசல் சுவரில் மாட்டுகிற படத்துக்கு இதற்கு மேல் எதற்கு? பேஸ்புக்கில் போட்டால் அதுவே சுருக்கிவிடும். 45 மெகாபிக்சலுக்குக் கொடுக்கிற காசு, யாரும் பார்க்காத புள்ளிகளுக்குக் கொடுக்கிற காசு.

"அப்படியென்றால் போனே போதுமே" என்று மறுபக்கத்தால் ஒரு கூட்டம் வரும். பகல் வெளிச்சத்தில் போன் அருமையாக எடுக்கும். மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர், பெரும்பாலான போன்களில் 100 சதுர மி.மீ.ஐயும் எட்டாது. மைக்ரோ போர் தேர்ட்ஸ் கமராவில் அது 225, ஏபிஎஸ்-சி கமராவில் ஏறத்தாழ 367. மஃரிபு நேரத்துக் கடற்கரையிலும், ஜன்னலோரத்தில் மட்டும் வெளிச்சம் விழுகிற பழைய வீட்டிலும் அந்த வித்தியாசம் முகத்தில் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. போனில் எடுத்த படம் வட்ஸ்அப்பில் போகும், சுருங்கும், போன் தண்ணீரில் விழும், படமும் போகும். போன் ஒருவருடையது. ஊர்க்கமரா ஊருடையது, அதன் படத்துக்குக் கணக்கு உண்டு.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? எங்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ற நாலு விஷயம்.

ஒன்று, வியூபைண்டர். கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தத் துளை இல்லாத கமராவை மன்னார் வெயிலில் வாங்காதீர்கள். நண்பகலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும். நிக்கோன் இஸட்30, சொனி இஸட்வி-ஈ10 போன்றவற்றில் அது இல்லை. வீடியோவில் பேசுகிறவருக்கு அவை நல்லவை, கடற்கரையில் நடக்கிறவருக்கு அல்ல. மேலே சொன்ன இரண்டிலும், புஜிபில்ம் எக்ஸ்-ஈ4இலும், ஒலிம்பஸ் ஈ-எம்10 வரிசையிலும் இருக்கிறது.

இரண்டு, ஒரே லென்ஸ். மணலும் உப்பும் பறக்கிற இடத்தில் லென்ஸ் மாற்றுவது சென்சருக்குள் மணல் போடுவதற்குச் சமம். மெல்லிய ஒரு லென்ஸைப் போட்டு அப்படியே விடுங்கள். தூரம் வேண்டுமென்றால் நாலு எட்டு நடந்து கிட்டப் போங்கள். கிட்டப் போனால் ஸலாம் சொல்ல வேண்டி வரும், அனுமதி கேட்க வேண்டி வரும். அது நல்லதுதானே.

மூன்று, உப்பு. விலை குறைந்த சின்னக் கமராக்களில் பெரும்பாலானவை தூசும் ஈரமும் புகாமல் அடைக்கப்பட்டவை அல்ல. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தக் காப்பு உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். எதை வாங்கினாலும் கடற்கரையால் வந்ததும் சற்று ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். சொல்லப்போனால் தினமும் வெளியே போகிற கமராவுக்குப் பூஞ்சணம் வருவதும் குறைவு.

நான்கு, பழையதை வாங்க வெட்கப்படாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பிறகு புதிய கமராவின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஏ6000 வந்தது 2014இல். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கமரா என்று சிரிப்பார்கள். வெளிச்சமும் முகமும் அன்றைக்கு இருந்தது போலத்தான் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் கெனன் எம்50 போன்றவற்றில் கவனம். அந்த எம் வரிசையையே கம்பனி நிறுத்திவிட்டது, அதற்குப் புதிய லென்ஸ் இனி வராது.

"சின்னக் கமராவில் பெரிய வேலை நடக்காது" என்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த நாட்டின் படக்கலையில் இன்றைக்கும் முதலில் சொல்லப்படுகிற லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவர் கையில் இருந்தவற்றில் ஒன்று லைக்கா. அக்காலத்து மிகச் சின்னக் கமராக்களில் ஒன்று. பிரான்சின் கார்ட்டியர் பிரெஸ்ஸோன் உலகம் சுற்றியதும் அதே லைக்காவோடும் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடும்தான்.

கடைசியாக ஒழுங்கு. கமரா சின்னது என்பதற்காகக் களவாகப் படமெடுக்க அனுமதி இல்லை. கேட்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட வேண்டும். பெண்களையும் பிள்ளைகளையும் அவர்களும் வீட்டாரும் சம்மதிக்காமல் எடுக்கவே கூடாது. எடுத்ததெல்லாம் பேஸ்புக்குக்கு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். படம் எடுப்பதில் மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்களை மதியுங்கள். அவர்களிடம் கிணற்றை, வாசலை, மரத்தை, பழைய கையெழுத்தை எடுக்கக் கேளுங்கள். பொதி வாங்குகிற முகம் மட்டும் எந்தக் கமராவுக்கும் வேண்டாம்.

லென்ஸில் மிச்சம் பிடித்த காசை அச்சுக்குப் போடுங்கள். மாதம் இருபது படம். பின்னால் பேர், இடம், திகதி. ஒரு பிரதி பள்ளிக்கூட நூலகத்தில், ஒன்று பள்ளிவாசலில், ஒன்று புத்தளத்தில் இருக்கிற எங்கள் ஆட்களின் வீட்டில். இன்னொரு முறை ஊர் இடம்பெயராமல் அல்லாஹ் காப்பாற்றுவானாக. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலுமாரியில் வைத்த சமூகம் என்ற பேர் எங்களுக்கு இரண்டாம் தரமும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் கமராப் பட்டியல் வாசிக்கப்படும்போது யாராவது எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "தலைவரே, நிகழ்ச்சி இல்லாத நாளில் இதை யார் தூக்கிக்கொண்டு போவார்?" பதில் வராவிட்டால் அந்தக் காசைத் திருப்பி அனுப்புங்கள். பதில் வந்தால், அவருடைய தோளுக்கு ஏற்ற கமராவை வாங்குங்கள்.

சரியென்று பட்டால் உங்கள் ஊர்க் குழுமங்களில் பகிருங்கள். பிழையென்று பட்டால் கீழே எழுதுங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.