மாற்று ஆட்டக்காரன்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வடகரையில் வெயிலுக்கும் சாரலுக்கும் ஓயாத வழக்கு. மேக்கரை மலைமீது மேகம் கவிந்ததும், குற்றாலத்துக்குப் புறப்படுகிறவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றிருக்கும் என் போன்ற உபாத்தியாயரோ வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்ட சாரல் நாள் ஒன்றில் நான் செய்த தவற்றை வாசகர்களிடம் ஒப்புக்கொள்ளவே இவ்வாரம் பேனாவை எடுத்தேன்.

அன்று பக்கத்து ஊர்ப் பள்ளியுடன் எங்களுக்குக் கிரிக்கெட் பந்தயம். எங்கள் முதல் பந்து வீச்சாளன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக இறங்கியவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். பந்தைச் சுழற்றுவதில் கெட்டிக்காரன். மாலை வேளைகளில் அவனுடைய பந்து தரையைத் தொட்டபின் எந்தப் பக்கம் திரும்பும் என்று பெரிய பையன்களுக்கே விளங்காது. ஆனால் எனக்கோ பயம். மைதானம் நனைந்திருக்கிறது, பந்து வழுக்கும், பையன் புதியவன். ஆகவே அவனை அழைத்து, "தம்பி, இன்றைக்குச் சுழற்றாதே. நேராகப் போடு. அது போதும்" என்று உபதேசம் செய்தேன். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையசைத்தான். நேராகப் போட்டான். எதிர்க்கட்சிப் பையன்கள் அதை நேராகவே எல்லைக்கு அனுப்பினார்கள். மூன்று ஓவருக்குப் பிறகு அவனிடமிருந்து பந்தை வாங்கிவிட்டேன். தோற்றோம்.

சாயங்காலம் ஸ்டம்புகளைக் கட்டி எடுத்துவந்த அந்தப் பையன் மெதுவாக, "ஸார், நான் போட்டது என் பந்தே இல்லையே?" என்றான். இருபது வருஷமாகப் பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்து வருகிற எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மாற்றாளாக ஒருவன் வரும்போது நமக்கு ஏற்படும் ஜாக்கிரதை விசித்திரமானது. அவனுக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதில்லை. அவனால் என்ன கெடும் என்றுதான் கணக்குப் போடுகிறோம். பிறகு அவனுடைய கைகளைக் கட்டிவிட்டு, "பார்த்தீர்களா, இவனால் ஒன்றும் ஆகவில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

2021-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிரிஸ்பேன் நகரில் நடந்த டெஸ்ட் பந்தயம் பலருக்கு நினைவிருக்கும். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் என்று பெயர் பெற்ற பந்து வீச்சாளர்கள் அனைவரும் காயத்தால் விலகியிருந்தார்கள். விராட் கோலியும் முதல் பந்தயத்தோடு ஊர் திரும்பியிருந்தார். டெஸ்ட் கோஷ்டிக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள், சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும், அன்று முதன்முறையாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார்கள். தலைவர் ரஹானே அவர்களை ஒளித்து வைக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். சதமடித்திருந்த லபுஷேனை நடராஜனும், ஸ்மித்தைச் சுந்தரும் வெளியேற்றினார்கள். பிறகு நம்மவர்கள் 186 ரன்னுக்கு ஆறு விக்கெட்டை இழந்து தவித்தபோது, சுந்தரும் ஷார்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் குவித்தார்கள்.

கடைசி நாளன்று வெற்றிக்கு இன்னும் 324 ரன் வேண்டும். சமன் செய்தாலே கோப்பை நம்மிடம் தங்கியிருக்கும். ஆகையால் பதுங்கி ஆடுவதற்கு நல்ல காரணமும் இருந்தது. ஐந்தாவது விக்கெட் விழுந்து 63 ரன் பாக்கியிருந்தபோது சுந்தர் உள்ளே வந்தார். வந்தவர் கட்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. உலகமே அஞ்சும் கம்மின்ஸின் பந்தைச் சிக்ஸருக்குத் தூக்கினார். மறுமுனையில் ரிஷப் பந்த் 89 ரன்னோடு நின்று ஆட்டத்தை முடித்து வைத்தார். 1988 முதல் அந்த மைதானத்தில் தோல்வியே அறியாதிருந்த ஆஸ்திரேலியா மூன்று விக்கெட்டில் தோற்றது.

அப்படியானால் ஜாக்கிரதையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அது யார் தலைமேல் இருக்கவேண்டும் என்பதே விஷயம். அதே நாளில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளைச் சந்தித்து 56 ரன் எடுத்தார். பொறுமையின் பாரத்தை அநுபவஸ்தர் சுமந்தார். சிறியவர்கள் தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். நாமோ பெரும்பாலும் புதியவன் தலையில் பொறுமையைக் கட்டிவிட்டு, பழையவனுக்குச் சுதந்தரம் கொடுக்கிறோம்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லிப் பெரும்பாலும் கையாலேயே ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. 2018 பிப்ரவரி 4-ஆம் தேதி நடந்த அதன் மகுடப் பந்தயத்தில் பிலடெல்பியா கோஷ்டிக்குப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தியவர் நிக் ஃபோல்ஸ் என்னும் மாற்று ஆட்டக்காரர். பாதி ஆட்டம் முடியும் தறுவாயில், எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில், சுளுவாக உதைத்து மூன்று புள்ளி வாங்கியிருக்கலாம். ஃபோல்ஸ் ஒரு துணிச்சலான யுக்தியைக் கேட்டார். பயிற்சியாளர் பீடர்சன் ஒரு கணம் யோசித்துச் சம்மதித்தார். வழக்கமாக எறிகிறவரே அன்று ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தார்! 41-க்கு 33 என்று வென்றார்கள். அந்தப் பீடர்சனும் தம் வாலிபத்தில் நெடுநாள் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்தவர் என்பதை நினைத்தால், அந்தச் சம்மதத்தின் அர்த்தம் விளங்கும்.

வீடுகளிலும் இந்தக் கதை இல்லையா? மாமியாருக்கு முதுகுவலி வந்த அன்று அடுப்பங்கரைக்கு வந்த மருமகளிடம், "ரசம் மட்டும் வை, போதும்" என்கிறோம். அவள் தாய்வீட்டில் கற்றுவந்த குழம்பின் ருசி நமக்குத் தெரியாமலே போகிறது.

அந்தப் பையனுக்கு நான் செய்திருக்க வேண்டிய உதவி என்ன என்று பல இரவு யோசித்தேன். நனைந்த பந்து வழுக்கும் என்று பயந்தது தப்பில்லை. அதற்குப் பரிகாரம் சுழற்றாதே என்பதல்ல; பந்தைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு. குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு துண்டுக்கா பஞ்சம்?

அடுத்த பந்தயத்தன்றும் சாரல் விழுந்தது. பையனிடம் பந்தையும் என் தோள் துண்டையும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு சிக்ஸர் கொடுத்தான். நான்கு விக்கெட் எடுத்தான். துண்டு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.